126-ம் 7-ம் ஒன்றே! – இரத்தச் சர்க்கரை அளவுகளை அறிவோம்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நம் முன்னோர் வாக்கு. ‘மருந்து’ என்றே ஓர் அதிகாரத்தைப் படைத்து, உண்ணும் அளவறிந்து உண்பதன் சிறப்பை உணர்த்தினார் திருவள்ளுவர். அளவறிந்து உண்பது அக்கால அறிவு. உடலில் உள்ளதையே அளந்து அறிவது இக்கால அறிவு. அவ்வாறு அளந்த எண்ணைச் சரியாகப் படிக்கத் தெரியாவிட்டால் அந்த அளவீட்டால் பயன் இல்லை. சில வேளைகளில் தீங்கும் வரலாம். ஆகவேதான் இவ்வாண்டு மலருக்கு இப்பொருளைத் தேர்ந்தெடுத்தோம்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய நம் ஊர்களில் ‘சுகர்’ என்ற சொல்லைக் கேட்காத வீடு அரிது. தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்லும் தந்தையர் முதல் வீட்டிலிருக்கும் பாட்டியர் வரை, “சாப்பிடறதுக்கு முன்னாடி எவ்வளவு? சாப்பிட்ட பிறகு எவ்வளவு?” என்று ஒருவரை ஒருவர் விசாரிப்பதை நாம் நாள்தோறும் கேட்கிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடத்தப்பட்டு 2023-ஆம் ஆண்டு வெளியான பெரும் ஆய்வு ஒன்று, நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. 20 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் இது 11.4 விழுக்காடு ஆகும். 2021 ஆகஸ்டு மாதத்தில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், நீரிழிவும் இரத்த அழுத்தமும் வீடு தேடி வந்து கவனிக்கப்படும் நோய்களாகச் சேர்க்கப்பட்டன.

நம் வீடுகளில் சொல்லப்படும் எண்கள் 98, 126, 140, 200 என்பன போன்றவை. ஆனால் சிங்கப்பூரிலிருந்து பெரியம்மா தொலைபேசியில், “எனக்கு ஏழு இருக்கு” என்கிறார். இலண்டனிலிருந்து சித்தப்பா, “எனக்கு ஒன்பது” என்கிறார். கேட்பவர்களுக்குத் தலை சுற்றுகிறது. நமக்கு நூற்றுக்கணக்கில் இருக்கும் சர்க்கரை, கடல் கடந்து சென்றால் பத்துக்குள் சுருங்கிவிடுமா? சுருங்குவது சர்க்கரை அன்று. மாறுவது அலகு மட்டுமே.

அலகு மாறினால் என்ன ஆகும்?

இது வெறும் கணக்கு விளையாட்டு அன்று என்பதை உணர்த்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறோம். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பாட்டி, கனடாவில் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கிவிட்டு ஆவடிக்குத் திரும்பினார். வரும்போது அங்கே வாங்கிய சர்க்கரைப் பரிசோதனைக் கருவியையும் கொண்டுவந்தார். ஒரு நாள் காலைப் பலகாரம் முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தபோது கருவி 15.2 என்று காட்டியது. வீட்டில் இருந்தவர்கள் திடுக்கிட்டனர். எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து என்று கேள்விப்பட்டிருக்கிறார்கள் அல்லவா? பதினைந்து என்றதும் உயிருக்கே மோசம் என்று எண்ணி, சர்க்கரைத் தண்ணீர் கலக்கத் தொடங்கிவிட்டார்கள்.

பாட்டியோ நாற்காலியில் அமர்ந்து, “எனக்கு ஒண்ணும் பண்ணலையே!” என்று சொல்லிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுச் செவிலியர் அக்கா கருவியை வாங்கிப் பார்த்தார். “அண்ணா, கொஞ்சம் பொறுங்க. இதுல புள்ளி போட்டிருக்கு பாருங்க. இது நம்ம ஊர் கணக்கு இல்ல. இது இருநூத்தி எழுபதுக்கு மேல. சர்க்கரைத் தண்ணிய மட்டும் குடுத்துடாதீங்க,” என்றார். டம்ளர் கீழே வைக்கப்பட்டது. அன்று மாலையே பாட்டியை மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர்.

ஏற்கெனவே மிகுதியாக இருந்த சர்க்கரைக்கு மேலும் சர்க்கரை சேர இருந்தது. காரணம், எண்ணை மட்டும் பார்த்து அதன் அருகில் இருந்த சிறிய எழுத்துகளை யாரும் பார்க்காததே. இச்செய்தியை வகுப்பில் கேட்ட எங்கள் அறிவியல் ஆசிரியை, “மோல் பாடம் படித்திருக்கிறீர்களே, அந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்,” என்றார். நாங்கள் போட்ட கணக்கைத்தான் இங்கே தருகிறோம்.

எடையா? எண்ணிக்கையா?

சந்தையில் தேங்காயை இரண்டு விதமாக விற்கிறார்கள். சில கடைகளில் “பத்துக் காய்” என்று எண்ணித் தருவார்கள். வேறு சில கடைகளில் “ஐந்து கிலோ” என்று நிறுத்துத் தருவார்கள். ஒரு காய் அரைக் கிலோ எடையுள்ளது என்று வைத்துக்கொண்டால் பத்துக் காயும் ஐந்து கிலோவும் ஒன்றே. பையில் இருக்கும் பொருள் மாறவில்லை. அதைச் சொல்லும் முறைதான் மாறியது.

இரத்தச் சர்க்கரையும் அப்படியே. நம் நாட்டு முறை எடையைச் சொல்கிறது. ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் குளுக்கோஸ் உள்ளது என்பதே அது. பரிசோதனைச் சீட்டில் இதை ‘எம்ஜி/டிஎல்’ என்று ஆங்கில எழுத்தில் குறிப்பர். மற்றொரு முறை எண்ணிக்கையைச் சொல்கிறது. ஒரு லிட்டர் இரத்தத்தில் எத்தனை மில்லிமோல் குளுக்கோஸ் உள்ளது என்பதே அது. இதை ‘எம்எம்ஓஎல்/எல்’ என்று குறிப்பர்.

மோல் என்பது ஓர் எண்ணிக்கை என்பதைப் பத்தாம் வகுப்பில் கற்கிறோம். டஜன் என்றால் பன்னிரண்டு. கவுளி என்றால் நூறு வெற்றிலை. அதுபோல ஒரு மோல் என்றால் ஏறத்தாழ 6.022-ஐ பத்தின் 23-ஆம் அடுக்கால் பெருக்கி வரும் எண்ணிக்கையுள்ள துகள்கள். மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எண்ண யாராலும் இயலாது. ஆகவே ஒரு மோலின் எடையை அறிந்து, எடையிலிருந்து எண்ணிக்கையைக் கண்டுபிடிக்கிறோம்.

18 எங்கிருந்து வந்தது?

குளுக்கோசின் ஒரு மூலக்கூறில் 6 கார்பன் அணுக்களும், 12 ஹைட்ரஜன் அணுக்களும், 6 ஆக்சிஜன் அணுக்களும் உள்ளன. அவற்றின் அணு நிறைகள் முறையே 12, 1, 16 ஆகும்.

கார்பன்: 6 × 12 = 72
ஹைட்ரஜன்: 12 × 1 = 12
ஆக்சிஜன்: 6 × 16 = 96
கூடுதல்: 180

எனவே ஒரு மோல் குளுக்கோசின் எடை 180 கிராம். ஒரு மில்லிமோல் குளுக்கோசின் எடை 180 மில்லிகிராம். ஒரு லிட்டரில் ஒரு மில்லிமோல் இருந்தால், ஒரு லிட்டரில் 180 மில்லிகிராம் இருக்கிறது என்று பொருள். ஒரு லிட்டருக்குப் பத்து டெசிலிட்டர். 180-ஐ 10-ஆல் வகுத்தால் 18 கிடைக்கிறது. ஆகவே,

1 மில்லிமோல்/லிட்டர் = 18 மில்லிகிராம்/டெசிலிட்டர்.

சூத்திரம் இவ்வளவே. வெளிநாட்டு எண்ணை நம் எண்ணாக்க 18-ஆல் பெருக்க வேண்டும். நம் எண்ணை வெளிநாட்டு எண்ணாக்க 18-ஆல் வகுக்க வேண்டும். பாட்டியின் 15.2-ஐ 18-ஆல் பெருக்கினால் 273.6 வருகிறது. செவிலியர் அக்கா சொன்னது சரியே!

மிகத் துல்லியமாகப் பார்த்தால் அந்த எண் 18.016 என்று வரும். ஆனால் வீட்டுக் கருவிகளுக்கான பன்னாட்டுத் தர விதியே நூறும் அதற்கு மேலும் உள்ள அளவுகளில் 15 விழுக்காடு வரை ஏற்றத்தாழ்வை அனுமதிக்கிறது. ஆகையால் 18 என்று கொள்வதால் ஒரு குறையும் இல்லை.

மனக்கணக்காகச் செய்ய

தாளும் பேனாவும் இல்லாத வேளையில் இரண்டு எளிய வழிகள் உண்டு.

பெருக்குவதற்கு: எண்ணை 20-ஆல் பெருக்கி, வந்த விடையில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். 7-ஐ 20-ஆல் பெருக்கினால் 140. அதில் பத்தில் ஒரு பங்கு 14. கழித்தால் 126.

வகுப்பதற்கு: எண்ணைப் பாதியாக்கி, பின்பு 9-ஆல் வகுங்கள். 180-இல் பாதி 90. அதை 9-ஆல் வகுத்தால் 10.

அடிக்கடி தேவைப்படும் அளவுகளைக் கீழே தொகுத்துள்ளோம். வெட்டி எடுத்து வீட்டில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம். முதலில் உள்ளது மில்லிகிராம் கணக்கு. அடுத்து உள்ளது மில்லிமோல் கணக்கு.

54 – 3.0 (மிகவும் தாழ்ந்த சர்க்கரை, உடனே கவனிக்க வேண்டும்)
70 – 3.9 (இதற்குக் கீழே தாழ்சர்க்கரை)
100 – 5.6 (வெறும் வயிற்றில் இதற்குள் இருப்பது நலம்)
126 – 7.0 (வெறும் வயிற்றில் இதுவும் இதற்கு மேலும் நீரிழிவின் அளவு)
140 – 7.8 (குளுக்கோஸ் கரைசல் பருகி இரண்டு மணி நேரம் கழித்து இதற்குள் இருப்பது நலம்)
180 – 10.0
200 – 11.1 (அதே சோதனையில் இதுவும் இதற்கு மேலும் நீரிழிவின் அளவு)
270 – 15.0
360 – 20.0

ஒரு முறை பார்த்த எண்ணைக் கொண்டே நோய் என்று முடிவு செய்துவிடக் கூடாது. அதனை உறுதி செய்ய வேண்டியவர் மருத்துவரே.

உலகில் ஏன் இரண்டு முறைகள்?

நம் சென்னை நீரிழிவு மருத்துவத்தில் பழம்பெருமை உடையது. டாக்டர் எம். விசுவநாதன் அவர்கள் 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். 1954-இல் இராயபுரத்தில் நீரிழிவுக்கென்றே ஒரு மருத்துவமனையை நிறுவினார். அந்நாட்களில் விரலில் குத்திப் பார்க்கும் கருவி வீடுகளில் கிடையாது. சிறுநீரை பெனடிக்ட் கரைசலுடன் சேர்த்துச் சூடாக்கி நிறத்தைப் பார்ப்பார்கள். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று நிறம் ஏற ஏறச் சர்க்கரை மிகுதி. நம் தாத்தா பாட்டிமார் சிலர், “எனக்கு மூணு பிளஸ் இருந்தது,” என்று சொல்வது இதைத்தான். சிறுநீரில் சர்க்கரை பெரும்பாலும் இரத்தத்தில் 180 அளவைத் தாண்டிய பிறகே தோன்றும். மில்லிமோல் கணக்கில் அது சரியாக 10!

இரத்தத்தை ஆய்வகத்தில் சோதித்தபோது மில்லிகிராம் கணக்கே எங்கும் வழங்கியது. பின்னர் 1971-இல் மோல், பன்னாட்டு அலகு முறையின் ஏழாவது அடிப்படை அலகாகச் சேர்க்கப்பட்டது. 1977-இல் உலகச் சுகாதாரப் பேரவை, மருத்துவத் துறையிலும் பன்னாட்டு அலகு முறையைக் கையாளுமாறு பரிந்துரைத்தது. உடலில் நிகழும் வேதிவினைகள் மூலக்கூறுகளுக்கு இடையே நிகழ்வதால், எடையை விட எண்ணிக்கையே பொருத்தமானது என்பது அதற்குக் காரணம். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், மலேசியா முதலிய நாடுகள் மில்லிமோலைக் கைக்கொண்டன. இந்தியா, அமெரிக்கா, பிரான்சு, ஜப்பான் போன்ற நாடுகளில் மில்லிகிராமே நிலைத்தது. ஜெர்மனி நாட்டில் இரண்டு முறைகளும் வழங்குகின்றன!

இரண்டில் எதுவும் தவறன்று. ஆனால் தமிழர் இரண்டு வகை நாடுகளிலும் வாழ்கின்றனர். சிங்கப்பூர் மகளும் அம்பத்தூர்த் தாயும் தொலைபேசியில் உடல்நலம் விசாரித்துக்கொள்ளும்போது இரண்டு முறைகளும் ஒரே வீட்டுக்குள் வந்துவிடுகின்றன. ஆகவே மற்ற நாட்டவரை விட நமக்கே இந்தக் கணக்கு மிகவும் தேவை.

கருவி காட்டுவது எந்த அலகு?

அலகை எழுதாத எண்ணைக் கண்டால் எவ்வாறு அறிவது? மில்லிகிராம் காட்டும் கருவியில் முழு எண்கள் மட்டுமே வரும். மில்லிமோல் காட்டும் கருவியில் ஒரு புள்ளியும் அதற்குப் பின் ஓர் இலக்கமும் வரும். பல கருவிகள் மில்லிகிராம் கணக்கில் 20 முதல் 600 வரைதான் காட்டும். 600-ஐ 18-ஆல் வகுத்தால் 33.3. ஆகவே அத்தகைய கருவியில் 33-க்கு மேற்பட்ட எண்ணைக் கண்டால் அது மில்லிகிராம் என்று துணியலாம்.

சில கருவிகளில் அலகை மாற்றும் வசதியும் உண்டு. தேதியையும் நேரத்தையும் திருத்தும்போது அலகு தவறுதலாக மாறிவிடக்கூடும் என்று 2005-இல் அமெரிக்காவில் சில கருவிகளைக் குறித்து எச்சரிக்கை விடுக்கப்பட்டது. ஆகவே மின்கலம் மாற்றிய பிறகு முதலில் அலகைப் பார்ப்பது நல்ல பழக்கம்.

மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, 18 என்பது குளுக்கோசுக்கு மட்டுமே உரியது. பத்துத் தேங்காயின் எடையும் பத்து எலுமிச்சையின் எடையும் ஒன்றாகுமா? கொலஸ்ட்ரால் மூலக்கூறு குளுக்கோசைப் போல் இரு மடங்குக்கும் மேல் எடையுள்ளது. ஆகவே அதற்கு 18-க்குப் பதிலாக 38.67-ஆல் பெருக்க வேண்டும்.

இரண்டாவது, எச்பிஏ1சி என்னும் சோதனையிலும் 6.5, 7.0 என்று புள்ளி வைத்த எண்கள் வரும். அது விழுக்காடு. இரத்தத்தின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் எவ்வளவு பங்கில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதைக் காட்டி, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியை அது உணர்த்துகிறது. எச்பிஏ1சி 7 என்றால் சராசரிச் சர்க்கரை ஏறத்தாழ 154. ஆனால் 7 மில்லிமோல் என்றால் 126. இரண்டும் வேறு வேறு. எச்பிஏ1சி எண்ணை 18-ஆல் பெருக்கக் கூடாது.

மூன்றாவது, எண்ணைப் பார்ப்பதோடு ஆளையும் பார்க்க வேண்டும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, தடுமாற்றம் ஆகியவை தாழ்சர்க்கரையின் அறிகுறிகள். கருவியும் 70-க்குக் கீழ், அதாவது 3.9-க்குக் கீழ் காட்டினால், நினைவோடு இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். மாத்திரையையோ இன்சுலினையோ நாமாகக் கூட்டவும் குறைக்கவும் கூடாது.

ஒரு தேக்கரண்டி வியப்பு

வளர்ந்த ஒருவர் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் உள்ளது. சர்க்கரை 100 என்றால் ஒரு லிட்டரில் 1,000 மில்லிகிராம், அதாவது ஒரு கிராம். ஐந்து லிட்டரில் ஐந்து கிராம். உடல் முழுவதும் ஓடும் இரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் ஒரு தேக்கரண்டி அளவே! 200 என்றால் இரண்டு தேக்கரண்டி. இச்சிறு வேறுபாடு ஆண்டுக்கணக்கில் நீடித்தால் கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்புகளையும் கெடுக்கிறது. இவ்வளவு நுண்ணிய ஒன்றை அளக்கும்போது அலகில் அலட்சியம் கூடுமோ?

செய்து பாருங்கள்

1. இலண்டனில் உள்ள சித்தப்பாவுக்கு வெறும் வயிற்றில் 6.5 மில்லிமோல். நம் கணக்கில் எவ்வளவு?
2. பூந்தமல்லியில் உள்ள தாத்தாவுக்குச் சாப்பிட்ட பின் 234. கனடாவில் உள்ள பேரனுக்கு எவ்வாறு சொல்வது?
3. சிங்கப்பூர்ப் பெரியம்மாவின் கொலஸ்ட்ரால் 5.2 மில்லிமோல். அதை 18-ஆல் பெருக்கலாமா?

விடைகள்: (1) 117. (2) 13.0 மில்லிமோல். (3) கூடாது. 38.67-ஆல் பெருக்க, ஏறத்தாழ 201 வரும்.

அன்புத் தங்கையரே, தோழியரே! நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்குக் கண்பார்வை மங்கியிருக்கும். கருவியில் உள்ள சிறிய எழுத்து அவர்களுக்குத் தெரியாது. அதைப் படித்துச் சொல்லும் கண்களாக நாம் இருப்போம். இனி யாரேனும் “சுகர் இவ்வளவு” என்று சொன்னால், மகிழ்வதற்கு முன்னும் அஞ்சுவதற்கு முன்னும் “எந்த அலகில்?” என்று ஒரு கேள்வி கேட்போம்.